கர்ப்ப காலத்தில் உங்கள் நிறையை நீங்களே வாசியுங்கள்

கர்ப்பவதியின் உடம்பைப் பற்றி அயலவர் ஆளுக்கொரு கருத்துச் சொல்வது இலங்கையின் வன்னிக் கிராமங்களில் வழக்கம். "வயிறு சின்னனாய்க் கிடக்கு" என்று ஒருவரும், "இப்பவே இப்படிக் கொழுத்தால் பிள்ளை பெறுவது கஷ்டம்" என்று இன்னொருவரும் ஒரே கிழமையில் சொல்லிவிடுவார்கள். அக்கறையோடு சொல்லப்பட்டாலும், அந்தச் சொற்கள் பல பெண்களைச் சாப்பாட்டுக்கும் தராசுக்கும் அஞ்ச வைக்கின்றன. இந்த அச்சம் நீங்க வேண்டுமானால், உங்களுக்குரிய கணக்கு எது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

கர்ப்பத்துக்கு முன் இருந்த நிறையை, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி கிடைக்கும். 150 சென்ரிமீற்றர் உயரமும் 45 கிலோ நிறையும் உள்ள பெண்ணுக்கு அது 20. பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகளின்படி, சுட்டி 18.5 இற்குக் குறைந்தவர்கள் கர்ப்ப காலம் முழுவதிலும் 12.5 முதல் 18 கிலோ வரையும், 18.5 முதல் 24.9 வரை உள்ளவர்கள் 11.5 முதல் 16 கிலோ வரையும், 25 முதல் 29.9 வரை உள்ளவர்கள் 7 முதல் 11.5 கிலோ வரையும், 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் 5 முதல் 9 கிலோ வரையும் கூடுவது நல்லது. இரட்டைப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. ஆகவே, மெலிந்த பெண்ணுக்குத் தேவையான கூடுதலைப் பருத்த பெண்ணின் கூடுதலோடு ஒப்பிட்டுப் பேசுவதில் பொருளே இல்லை.

முதல் மூன்று மாதங்களில் அரை கிலோ முதல் இரண்டு கிலோ வரைதான் கூடும். சத்தி காரணமாகச் சிலருக்குச் சற்றுக் குறையவும் கூடும். அதன் பின்னர் சாதாரண நிறையுடையவர்களுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 400 கிராம் ஏறும். இந்த நிறை முழுவதும் கொழுப்பு அல்ல. குழந்தை மூன்று கிலோ அளவில் இருக்க, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெருத்த கருப்பை, கூடிய இரத்தம், பால் சுரக்கத் தயாராகும் மார்பு ஆகியவை மேலும் பல கிலோவைச் சேர்க்கின்றன. மிஞ்சும் கொழுப்பும் பாலூட்டும் காலத்துக்கென உடல் எடுத்துவைக்கும் சேமிப்பே. கண்ணாடி முன் நின்று மனம் சோரும் வேளையில் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற அறிவுரையை அப்படியே பின்பற்ற வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் மேலதிக உணவு பெரிதாகத் தேவையில்லை. நடு மாதங்களில் நாளுக்கு 340 கலோரி அளவிலும், கடைசி மாதங்களில் 450 கலோரி அளவிலும் கூடுதலாக வேண்டும். சோற்றைக் குவிப்பதைவிட அவித்த பயறு அல்லது கௌபி, ஒரு முட்டை, ஒரு கோப்பை தயிர், ஒரு பிடி கச்சான் என்று இடைவேளைகளில் சேர்ப்பதே என் பார்வையில் சிறந்த வழி. குளத்து மீனும் நெத்தலியும் முருங்கையிலையும் உழுந்தும் குரக்கனும் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. கிளினிக்கில் தரும் திரிபோஷா என்ற சத்துமா கர்ப்பவதிக்கு உரியது. அதை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டுத் தாய் வெறும் தேநீரோடு இருப்பது எனக்கு மிகுந்த கவலை தரும் வழக்கம். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு எடுக்காமல், தேசிக்காய்த் தண்ணீர் அல்லது கொய்யாப்பழத்தோடு எடுங்கள். கல்சியக் குளிசையை வேறொரு வேளைக்கு வையுங்கள். வைத்தியர் தடுக்காவிட்டால், வெயில் ஏறுமுன் நாள்தோறும் சிறிது தூரம் நடக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது, குடும்பநல உத்தியோகத்தர் பதிவு அட்டையில் இடும் நிறைப் புள்ளியைப் பார்த்து, "என்னுடைய கோடு எங்கே போகிறது?" என்று கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. யாராவது உடம்பைப் பற்றிப் பேசினால், "கிளினிக்கில் பார்த்தோம், சரியாக இருக்குதாம், மாமி" என்று பணிவாகச் சொல்லிவிடலாம். கணவரையும் ஒரு தடவை கூட்டிச் செல்லுங்கள். அவர் கணக்கை அறிந்திருந்தால், வீட்டில் உங்களுக்காகப் பேசும் இன்னொரு குரல் இருக்கும்.

நிறை ஒரே வாரத்தில் திடீரென ஏறி, முகமும் கைகளும் வீங்கி, கடுந்தலையிடியோ பார்வை மங்கலோ நெஞ்சுக்குழி நோவோ வந்தால், அது குருதி அமுக்கம் கூடியதன் அடையாளமாக இருக்கலாம். அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். நிறை ஏறாமலே நின்றாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் மனம் ஒட்டாமல், அழுகை வந்துகொண்டிருந்தாலோ, குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, அதையும் அவரிடமே மறைக்காமல் சொல்லலாம். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 உம் உண்டு.