தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. இலவச சீட் வேண்டுமா? ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள்

எட்டு வருடமாக இ-சேவை மையம் நடத்துகிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் வரிசை கட்டிவிடுவார்கள். "அக்கா, அந்த இருபத்தஞ்சு பர்சென்ட்டு போடணும்." பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். குலுக்கலில் தோற்றவர்களைவிட, ஒரு தாள் குறைந்ததால் குலுக்கல் வரைக்கும் போகவே முடியாமல் திரும்பியவர்கள்தான் என் கணக்கில் அதிகம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆர்.டி.இ. என்பது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். அதன்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி.யில் தொடங்கும் பள்ளி என்றால் எல்.கே.ஜி.யில், ஒன்றாம் வகுப்பில் தொடங்கினால் ஒன்றாம் வகுப்பில். எட்டாம் வகுப்பு முடியும்வரை கல்விக் கட்டணத்தை அரசே பள்ளிக்குக் கொடுத்துவிடும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் இதில் வராது. "பக்கத்திலேயே அந்த ஸ்கூல் இருக்கே, ஏன் லிஸ்ட்ல இல்ல?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இப்போது வருமானச் சான்றிதழ். இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டு வழி இருக்கிறது. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருப்பவர்கள் எந்தச் சாதியாக இருந்தாலும் 'நலிவடைந்த பிரிவு' என்று விண்ணப்பிக்கலாம். இதற்குத்தான் வருமானச் சான்று. எஸ்.சி., எஸ்.டி., எம்.பி.சி., பி.சி. என்றால் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு'. அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் போதும். தேவையே இல்லாத வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து, கடைசித் தேதியைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகள், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் ஆகியோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு. இவர்கள் அதற்கான சான்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற நான், என் மகளுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் அவள் சான்றிதழை முழுதாகப் படித்தேன். பாலினம்: பெண். தந்தை பெயர், தாய் பெயர், எல்லாம் சரி. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. ஆஸ்பத்திரியில் பதிந்தபோது பெயர் வைக்கவில்லை, அப்புறம் சேர்க்கவும் இல்லை. பெயர் சேர்க்கக் கொடுத்த மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய் வருவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது. மகள் இப்போது அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, நன்றாகவே படிக்கிறாள், அது வேறு கதை. நீங்கள் இன்றைக்கே பீரோவைத் திறந்து அந்தக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே வயதையும் பாருங்கள்: ஜூலை 31 அன்று மூன்று முடிந்து நான்கு ஆகாமல் இருந்தால் எல்.கே.ஜி.; ஐந்து முடிந்து ஆறு ஆகாமல் இருந்தால் ஒன்றாம் வகுப்பு.

மூன்றாவது, முகவரி. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிதான் கணக்கு. வாடகை வீடு மாறிவிட்டு ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பழைய முகவரியோடு வருகிறார்கள். அதை மாற்ற நாளாகும். ஜனவரியில் தொடங்குங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை வகுப்பு வரை இருக்கிறது என்று பாருங்கள். நர்சரி பிரைமரி பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்போடு இலவசமும் முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு வேறு தனியார் பள்ளிக்குப் போனால் முழுக் கட்டணம். குறைந்தது எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியை முதலில் போடுங்கள். புத்தகம், சீருடை, வேன் ஆகியவற்றுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று ஏற்கெனவே அங்கே படிக்கும் ஆர்.டி.இ. பிள்ளையின் அம்மாவிடம் விசாரியுங்கள். ஆபீஸ் கவுன்டரில் கேட்பதைவிட அது நம்பகமானது.

விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் மூன்றாம், நான்காம் வாரத்தில் தொடங்கும். 2024-இல் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை நடந்தது. 2025-இல் மத்திய அரசின் நிதி வராமல் இழுத்து, அக்டோபரில்தான் சேர்க்கையே தொடங்கியது. அதனால் தேதியை ஆர்.டி.இ. இணையதளத்தில் மட்டும் பாருங்கள், வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. என்னைப் போன்றவர்கள் ஸ்கேனுக்கும் பிரிண்டுக்கும் வாங்குகிறோம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் அதுவும் இல்லாமல் பதிந்து தருவார்கள். போன் நம்பர் கேட்டால் உங்களுடையதைக் கொடுங்கள், கடைக்காரருடையதை அல்ல.

இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் பள்ளியிலேயே, பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். அன்றைக்கு லீவு போட்டாவது போய் உட்காருங்கள். குழந்தைக்குப் பரீட்சை வைத்தாலோ பெற்றோரை நேர்காணல் செய்தாலோ அது சட்ட மீறல். முதல் முறைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

ஒன்று பலருக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பு வரை ஆர்.டி.இ.யில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு அந்தப் பிள்ளைக்கும் உண்டு. ஆகவே எட்டாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கும்போது, ஆர்.டி.இ.யில் படித்ததற்கான சான்றையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். அதற்கு என் கடைக்கு வர வேண்டாம், தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் போதும்.