இங்கிலாந்துத் தெருக்களில் குளிர்கால நடை: கவனிக்க வேண்டியவை

டிசம்பரில் லண்டன் பக்கம் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். மதியத்துக்குள் கிளம்புங்கள்.

சுவரிலோ குட்டைத் தூணிலோ ‘எச்’ எழுத்துப் போட்ட மஞ்சள் பலகை தென்படும். அது தீயணைப்பு வீரர்களுக்கானது. மேல் எண் தண்ணீர்க் குழாயின் விட்டம் (மில்லிமீட்டர்), கீழ் எண் பலகையிலிருந்து ஹைட்ரண்ட் (தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் குழாய்வாய்) இருக்கும் தூரம் (மீட்டர்). மிகப் பழைய பலகையானால் அங்குலம், அடி.

இலையற்ற பச்சைத் தண்டில் மஞ்சள் பூ இருந்தால் குளிர்கால மல்லிகை. மோந்து பார்த்து ஏமாறாதீர்கள், வாசமே கிடையாது. இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் ஃபோர்சித்தியாவுக்கு நான்கே இதழ். பெரும்பாலும் மார்ச்சில்தான் பூக்கும்.

வாசம் வேண்டுமென்றால் வாசற்படியோரம் முழங்கால் உயரப் புதரான சார்க்கோகாக்காவைத் தேடுங்கள். பூ பொடிசு, இலைக்கடியில் ஒளிந்திருக்கும். மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். நடைபாதையில் நின்றாலே போதும், அடுத்தவர் தோட்டத்துக்குள் கால் வைக்க வேண்டாம்.

ஹெலிபோர் பூ பெரும்பாலும் தலைகவிழ்ந்தே இருக்கும். படமெடுக்க, போனைப் பூவுக்குக் கீழே நீட்டுங்கள். டாக்வுட் புதரின் செந்தண்டுகளை மார்ச்சுக்குள் பார்த்துவிடுங்கள். இளந்தண்டில்தான் நிறம் தூக்கலாக இருக்கும் என்பதால் புதுத்தண்டு துளிர்க்க அப்போது ஒட்ட வெட்டிவிடுவார்கள்.