வீடு பார்க்க ஆள் வருவதற்கு முன்

வீடு பார்க்க வருபவர் வாசலைத் தாண்டியதுமே மனசுக்குள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறார். சுவரில் ஓதம் இருக்கிறதா? நம் கட்டில் இந்த அறையில் பிடிக்குமா? பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்குமோ? இருந்தவர்கள் வீட்டை ஒழுங்காக வைத்திருந்தார்களா? விற்கவோ வாடகைக்கு விடவோ போகும் வீட்டை, இவற்றுக்கெல்லாம் அதுவே பதில் சொல்லும்படி தயார் செய்து வைப்பதுதான் ஹோம் ஸ்டேஜிங். அதை வெறும் அலங்காரம் என்று நினைத்துப் பூந்தொட்டியும் குஷனும் வாங்கக் கிளம்பினால் காசு போகும், சந்தேகம் போகாது.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் சாமானை ஒழிப்பது, பிறகு பழுது, பெயிண்ட், சுத்தம், சாமானை அடுக்குவது, விளக்கு, கடைசியில் புகைப்படம். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும். துடைத்த தரையில் சுவர்ப் பட்டி தேய்த்த தூசு விழும். புதுப் பெயிண்டில் பீரோவை நகர்த்திய கீறல் விழும். சாதாரண வீட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஓதம் இருந்தால் இது போதாது.

ஓதமும் வாடையும்

வாங்க வருபவரை மற்ற எல்லாக் குறையையும்விட அதிகம் பின்வாங்க வைப்பவை இந்த இரண்டும். சுவரில் ஈரத் திட்டு தெரிந்தால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சுமார் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறது. மறுபுறம் குளியலறையோ, குழாயோ, வெளிச்சுவர் விரிசலோ, மொட்டை மாடியோ இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம், ஜன்னல் திறப்பதும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதும்தான் மருந்து.

மூலத்தை அடைத்த பிறகு உப்பிய பெயிண்டைச் சுரண்டி, பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். சுவர் முழுதாகக் காய்ந்த பிறகுதான் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க ஈரத்தின் மேலேயே பெயிண்ட் அடிப்பவர்கள் உண்டு. சில வாரங்களில் அது கொப்பளித்துக் கிளம்பும். அதற்குள் வீடு கைமாறியிருந்தால் சண்டையாக முடியும். தெரிந்தே குறையை மறைத்து விற்றால் பல நாடுகளில் வழக்கும் வரும். சரிசெய்ய முடியாததை வாயால் சொல்லி, விலையில் காட்டிவிடுவதே நல்லது.

வாடை விஷயத்தில் வீட்டுக்காரரின் மூக்கை நம்பக் கூடாது, அது பழகிப்போயிருக்கும். வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு, உள்ளே வந்த முதல் நிமிடத்தில் என்ன தோன்றியது என்று கேளுங்கள். துணிகள்தான் வாடையைப் பிடித்து வைத்திருப்பவை. திரைச்சீலை, மிதியடி, சோபா உறை எல்லாவற்றையும் துவைக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் சாக்கடை வாடை அடித்தால் பெரும்பாலும் காரணம் எளிது: தரை வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். கழிவுக் குழாயின் காற்றைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஒவ்வொரு வடிகாலிலும் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். வீடு மேலும் பல வாரம் பூட்டியிருக்கும் என்றால் மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள், நீர் மெதுவாகவே வற்றும். அணைத்து வைத்த ஃபிரிட்ஜின் கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள், மூடினால் பூஞ்சை பிடிக்கும். அறை ஃப்ரெஷனர் மட்டும் வேண்டாம். எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அது சொல்லும்.

பெயிண்ட், டைல்ஸ், சின்னப் பழுதுகள்

வழுவழுப்பான சுவரில் ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு முறை பூசுவதற்கு, சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 2.7 மீட்டர் உயரம் என்றால் கதவு ஜன்னல் போக ஏறக்குறைய 34 சதுர மீட்டர் சுவர். இரண்டு கோட்டுக்கு 6 முதல் 7 லிட்டர். மேடு பள்ளமான சுவருக்குப் பளபளப்பில்லாத மேட் வகைதான் சரி, பளபளப்பு ஒவ்வொரு மேட்டையும் காட்டிக் கொடுக்கும். வெளிச்சம் குறைந்த அறையில் சுத்த வெள்ளை சாம்பல் நிறமாகத் தெரியும்; அங்கே இளமஞ்சள் கலந்த வெள்ளை நன்றாக இருக்கும்.

டைல்ஸ் இடுக்கின் கறைக்கு ஆசிட் ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. அது சிமென்ட் இடுக்கையே அரிக்கும், மார்பிளில் பட்டால் பளபளப்பு போய்விடும். துணி வெளுக்கப் பயன்படும் சோடியம் பெர்கார்பனேட் பொடியை வெந்நீரில் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தாலே பெரும்பாலான கறை போகும். பிளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றவே கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும். வாஷ்பேசின் ஓரத்தில் இடுக்கை அடைத்துக் கறுத்துப்போன சிலிக்கான் பசையின் மேலேயே புதியதைப் பூசினால் ஒட்டாது. பழையதை பிளேடால் வெட்டி எடுத்து, இடத்தை உலரவைத்துப் பூசி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் பாருங்கள்.

சொட்டும் குழாய், கிறீச்சிடும் கீல், ஆடும் கைப்பிடி, எரியாத பல்பு, வேலை செய்யாத ஸ்விட்ச்: தனித்தனியாக இவை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நான்கைந்து சேர்ந்து கண்ணில் பட்டால், கண்ணுக்குத் தெரியாத வயரிங்கும் இப்படித்தான் இருக்கும் என்று வருபவர் முடிவு கட்டிவிடுவார்.

சாமானும் அளவும்

குடியிருக்கும் வீட்டில் சாமானைக் குறைப்பதே பாதி வேலை. அலமாரிகளில் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். வருபவர்கள் திறந்து பார்ப்பார்கள். பிதுங்கி வழியும் அலமாரி, இந்த வீட்டில் இடம் போதாது என்று சொல்லிவிடும். சமையல் மேடையில் இரண்டு மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். எடுத்த சாமானை இன்னொரு அறையில் குவித்து வைப்பதில் பயனில்லை, அந்த அறையையும்தான் பார்ப்பார்கள்.

நடக்கும் வழி 75 முதல் 90 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். சோபாவுக்கும் டீபாய்க்கும் இடையே 40 முதல் 45 செ.மீ. போதும். சோபாவைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டால் அறை இறுக்கமில்லாமல் தெரியும். திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. மேலேயும், இருபுறமும் 20 செ.மீ. அளவு நீட்டியும் மாட்டுங்கள். ஒதுக்கிய சீலை கண்ணாடியை மறைக்காது.

முழுக்கக் காலியான வீட்டில் சிக்கல் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமில்லாததால் அறை எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குப் பிடிபடாது, சுவர்க் கீறல்தான் முதலில் தெரியும். எல்லா அறையையும் நிரப்பத் தேவையில்லை. ஹால், பெரிய படுக்கையறை, சாப்பிடும் இடம் ஆகிய மூன்றுக்கும் சாமானை வாடகைக்கு எடுத்துப் போட்டால் போதும். எதற்கென்றே தெரியாத சின்ன அறை இருந்தால் ஒரு மேஜை நாற்காலி போட்டு வேலையறை ஆக்கிவிடுங்கள். அறை பெரிதாகத் தெரியட்டும் என்று அளவு குறைந்த கட்டில் போடும் தந்திரம் அளவு டேப் கொண்டுவருபவரிடம் பலிக்காது.

வெளிச்சமும் படமும்

குறைந்த செலவில் அதிகம் மாற்றுவது ஜன்னல் கண்ணாடியை இரு பக்கமும் துடைப்பதுதான். பல்புகளில் ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணைப் பாருங்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை: ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000, சமையலறைக்கும் குளியலறைக்கும் 4000 வரை. ஒரே அறையில் மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் நேரிலும் அசிங்கம், படத்தில் இன்னும் மோசம். நடுக்கூரை விளக்கு மட்டும் இருந்தால் மூலைகள் இருண்டுபோகும். 800 லூமன் (ஒளியின் அளவு) எல்இடி பல்பு, அதாவது 8 முதல் 10 வாட், போட்ட ஒரு நிலைவிளக்கை இருண்ட மூலையில் வையுங்கள்.

படம் எடுக்கும்போது ஃபோனை அகலவாக்கில், தரையிலிருந்து 1.2 முதல் 1.4 மீட்டர் உயரத்தில், மேலோ கீழோ சாய்க்காமல் பிடியுங்கள். சாய்த்தால் சுவரெல்லாம் சரிந்து விழுவதுபோல் இருக்கும். வாசலிலிருந்தோ மூலையிலிருந்தோ எடுங்கள். ஃபோனில் 0.5 என்று வரும் அகலக் கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும், அந்தப் படத்தை நம்பி வருபவர் நேரில் ஏமாறுவார். கணினியில் சாமான் சேர்த்த படமென்றால் அதைப் படத்திலேயே குறிப்பிடுங்கள். விரிசலையோ ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மின்கம்பத்தையோ அழிப்பது ஸ்டேஜிங் அல்ல, மோசடி.

வாடகை வீட்டுக்கு இவ்வளவும் தேவைப்படாது. பழுது, சுத்தம், விளக்கு, படம் போதும். படத்தில் தெரியும் கட்டிலும் ஃபிரிட்ஜும் வீட்டோடு வருமா வராதா என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். இன்னும் ஒருவர் குடியிருக்கிறார் என்றால் அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய பொருள்களைப் படமெடுக்கக் கூடாது.

ஆள் வரும் நாளில் அரை மணி முன்பே ஜன்னல்களைத் திறந்து, குப்பையை வெளியேற்றி, எல்லா விளக்கையும் போடுங்கள். நகை, மருந்து, பத்திரம், உதிரிச் சாவி எல்லாம் பூட்டிய இடத்துக்குப் போகட்டும். வருபவரோடு ஒவ்வொரு அறையிலும் கூடவே போய் நிற்காதீர்கள், எதிரில் வீட்டுக்காரர் இருந்தால் மனதில் இருப்பதை யாரும் பேசமாட்டார்கள். படத்தைப் பார்த்து ஒருவரும் அழைக்கவில்லை என்றால் கோளாறு படத்திலோ விலையிலோ இருக்கிறது. பலர் நேரில் வந்தும் இரண்டாம் முறை எவரும் வரவில்லை என்றால், அவர்கள் எந்த அறையில் பேச்சை நிறுத்தினார்கள் என்று தரகரிடம் கேட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.