கேமரூன் மலை ஓட்டம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கேமரூனின் புவேயா நகரில் பிப்ரவரி மாதம் நடக்கும் 'ரேஸ் ஆஃப் ஹோப்' மலை ஓட்டத்தைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். 1973-இல் முதன்முதலில் நடந்த போட்டி இது. மொலிகோ மைதானத்தில் புறப்பட்டு, 4,040 மீட்டர் உயரமுள்ள எரிமலையின் உச்சியைத் தொட்டுவிட்டு அதே மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். தூரம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் மூவாயிரம் மீட்டருக்கு மேல். சாதாரண மலையேறிகள் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் இந்த மலையை முன்னணி ஆண்கள் சுமார் நாலரை மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடுகிறார்கள்.

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் வருஷா வருஷம் மாறுவதில்லை. தொப்பி போடுங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பது

காலையில் கூட்டமாகக் கிளம்பும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். நகரத்தின் மேல்பகுதிக்கு முன்கூட்டியே போய், அப்பர் ஃபார்ம்ஸ் பக்கம் சாலையோரம் நில்லுங்கள். யார் சீராக ஓடுகிறார், யார் அதற்குள் தொடையில் கையூன்றி நடக்கிறார் என்று அங்கே தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் 'அஷியா, அஷியா' என்று குரல் கொடுப்பார்கள்; கஷ்டப்படுகிறவருக்கு ஆறுதலும் தைரியமும் சொல்லும் வார்த்தை அது. நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

இறங்கும் தடத்தில் நிற்பது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலையில் ஏறவும் இறங்கவும் ஒரே தடம்தான். காடு முடியும்வரை வேரும் பாறையும். அதற்கு மேலே புல்வெளிச் சரிவு, புல்லுக்கடியில் உருளும் எரிமலைக் கல். உச்சிக்குப் போக முன்னணி ஓட்டக்காரர்களுக்கு மூன்று மணி நேரம் போல ஆகும் என்றால், இறங்க அதில் பாதிதான் ஆகும். அந்த வேகத்தில் வருகிறவரால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. அடுத்த இரண்டு மூன்று அடி எங்கே வைக்க வேண்டும் என்பதை அவர் கண் முன்கூட்டியே முடிவு செய்திருக்கும். நடுவில் ஒரு ஆள் நின்றால் ஒன்று அவர்மேல் மோத வேண்டும், இல்லையென்றால் கால் வைக்க இடமில்லாத பக்கம் திரும்ப வேண்டும்.

ஒரு வருஷம், மலையேறிகள் தங்குவதற்காக வழியில் இருக்கும் முதல் குடிசைக்குக் கீழே காட்டுக்குள் தடம் குறுகும் இடத்தில் நின்றிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு இளைஞர், முகத்துக்கு நேரே படம் எடுக்க வேண்டும் என்று தடத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்தார். நகரச் சொன்னோம். "ஒரே நிமிஷம்" என்றார். அதற்குள் முன்னணியில் வந்த ஒருவர் வளைவில் திரும்பி, இவரைப் பார்த்ததும் விலகி, வேர் தடுக்கிப் பாறையில் விழுந்தார். முழங்கால் கிழிந்து, ரத்தத்தோடு கறுப்புக் கல்தூள் ஒட்டியிருந்தது. காலில் இருந்தது மலிவான பிளாஸ்டிக் ஷூ. அதில் ஒன்று கழன்று சரிவில் உருண்டது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் எழுந்து நிற்பதற்குள் மூன்று பேர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. நொண்டிக்கொண்டே இறங்கினார். படம் எடுத்தவர் சாயங்காலம் அதை நண்பர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வருஷம் முழுக்க வயல் வேலைக்கு நடுவே பயிற்சி எடுத்து, பரிசுப் பணத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று நம்பி வருகிறவர்கள் இவர்கள்.

சரி, எங்கேதான் நிற்பது? தடத்தைவிட்டு இரண்டு கை தூரமாவது தள்ளி, சரிவின் மேல்பக்கம் நில்லுங்கள். கீழ்ப்பக்கம் நின்றால் கல்லும் ஆளும் உங்கள்மேல்தான் வருவார்கள். வளைவு என்றால் உள்பக்கம். வேகத்தில் வருகிறவரை வளைவு வெளிப்பக்கமாகத்தான் தள்ளும். ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே கற்கள் சரசரவென்று உருளும் சத்தம் கேட்கும். கேட்டுவிட்டால் தடத்தைக் கடக்காதீர்கள், எதிர்ப்பக்கம் உங்கள் பிள்ளையே நின்றாலும் சரி. படத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். உண்மையில் அந்தக் கோணத்தில்தான் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதும் படத்தில் தெரியும்.

டுவாலாவிலிருந்து வந்து நேரே உச்சிக்குக் கிளம்புவது

கேமரூனின் துறைமுக நகரமான டுவாலா கடல்மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து வந்த கையோடு நாலாயிரம் மீட்டர் ஏறினால் தலைவலி, வாந்தி எல்லாம் வரும். அப்புறம் ஓட்டக்காரர்களுக்காக நிற்கும் மீட்புக் குழு உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். வேடிக்கை பார்க்க முதல் குடிசை போதும். அதுவே 1,800 மீட்டருக்கு மேல். அங்கேயே மேகம் மூடினால் குளிரும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

ஓட்டக்காரர்களின் தண்ணீரைக் குடிப்பது

கூடவே கூடாது. இதே மலையின் கடலோர அடிவாரத்தில் டெபுன்ட்ஷா என்ற ஊர், உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆனால் துளைகள் நிறைந்த எரிமலைப் பாறை பெய்ததை எல்லாம் உறிஞ்சிவிடுவதால் மலைமேல் தண்ணீர் கிடைப்பது அரிது. மேலே இருக்கும் ஒவ்வொரு பாட்டிலும் யாரோ முதுகில் சுமந்து கொண்டுபோனது.

முதல் ஆள் வந்ததும் எழுந்து போவது

இதனால் நஷ்டம் உங்களுக்குத்தான். 'மலையின் ராணி' என்று கேமரூன் முழுக்கக் கொண்டாடப்படும் சாரா எடோங்கே, பல பிள்ளைகளுக்குத் தாயானவர், இந்தப் போட்டியைப் பலமுறை வென்றவர். பெண்களில் முதலாவதாக வருகிறவர் வழக்கமாக ஐந்து மணி நேரத்துக்குப் பிறகுதான் மைதானத்துக்குள் நுழைவார். அதுவரைக்குமாவது இருங்கள்.

ஊர் நிலவரம் விசாரிக்காமல் போவது

கேமரூனின் ஆங்கிலம் பேசும் பகுதிகளில் 2016 கடைசியில் தொடங்கிய பிரச்சினை ஆயுத மோதலாகவே மாறிவிட்டது. 2023 போட்டியின்போது குண்டுகள் வெடித்து ஓட்டக்காரர்கள் காயமடைந்தார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே நிற்கலாம் என்று முதல்நாள் இரவே தங்குமிடத்தில் கேளுங்கள். போட்டி பெரும்பாலும் சனிக்கிழமை. திங்கட்கிழமைகளில் கடையடைப்பு இருக்கும், வண்டி கிடைப்பது கஷ்டம். அதனால் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிடுங்கள். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்.