பழைய கணினியின் சீரியல் போர்ட்டில் எழுத்துகள் தொலைந்தால்

பினாங்கு லெபோ பாசாரில் உள்ள ஒரு மளிகைக் கடையின் கணக்கு இன்னும் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் 386 கணினியில்தான் இருக்கிறது. அதன் பிளாப்பி டிரைவ் பழுதானதும், விலைப்பட்டியலை என் மடிக்கணினியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக அனுப்பத் தொடங்கினேன். முதல் மாதமே கடைக்காரர் அச்சிட்ட தாளை நீட்டி, “தம்பி, பத்துக் கிலோ அரிசி எட்டு வெள்ளி ஐம்பது காசா?” என்று கேட்டார். 38.50 என்பதில் 3 மட்டும் வழியிலேயே விழுந்துவிட்டது. குப்பை எழுத்தாக வந்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். முறையான விலையைப் போலவே நின்றதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

முதலில் நோயைப் பிரித்தறியுங்கள். வந்த எழுத்துகள் உருமாறியிருந்தால் வேகமோ பாரிட்டியோ (பிழை காட்டும் கூடுதல் பிட்) இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். உருமாறாமல் இடையிடையே காணாமல் போனால் பெறும் கணினியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் வரிசை எண் இட்ட சோதனைக் கோப்பு ஒன்றை அனுப்பிப் பாருங்கள். ஒற்றை எழுத்துகள் ஆங்காங்கே விழுந்திருந்தால் இழப்பு சீரியல் போர்ட்டை இயக்கும் சில்லில் நிகழ்கிறது. தொடக்கம் முழுமையாக வந்து, பிறகு வரிகள் கொத்தாக மறைந்தால், நிரலின் பஃபர், அதாவது வந்த எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம், நிரம்பி வழிகிறது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

சில்லின் வகையை டாஸுடன் வரும் எம்எஸ்டி நிரல் காட்டும். 8250, 16450 ஆகிய சில்லுகள் ஒரே ஓர் எழுத்தைத்தான் தேக்கிவைக்கும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிநொடிக்கு ஓர் எழுத்து வரும். அதற்குள் செயலி முந்தையதை எடுக்காவிட்டால் புதியது அதன்மேல் விழுந்து அதை அழித்துவிடும். வன்வட்டில் எழுதும்போது, எழுத்து வந்ததைச் செயலிக்கு அறிவிக்கும் இன்டரப்ட் சிறிது நேரம் நிறுத்தப்பட்டாலே இது நடக்கும். டாஸின் நினைவக மேலாளரான இஎம்எம்386 ஏற்றப்பட்டிருந்தால் தாமதம் இன்னும் கூடும், டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் அந்த வரியை நீக்கிச் சோதியுங்கள். 16550ஏ சில்லு பதினாறு எழுத்துகளைத் தேக்கும், ஆனால் நிரல் அந்த வசதியை இயக்கினால் மட்டுமே. அந்தச் சில்லுள்ள சீரியல் அட்டைக்கு மாறிவிட்டு நிரலின் அமைப்பை மறந்துவிடாதீர்கள். அட்டை கிடைக்காவிட்டால் வேகத்தை 2400க்குக் குறையுங்கள். விலைப்பட்டியலுக்கு அது போதும்.

என்னை மூன்று மாலைகள் அலைக்கழித்தது கேபிள். கொத்தாக விழும் இழப்பைத் தடுக்க, பஃபர் நிரம்பும் தறுவாயில் பெறும் கணினி ‘அனுப்பலாம்’ என்று காட்டும் ஆர்டிஎஸ் கம்பியைத் தாழ்த்தும். அனுப்பும் கணினி அதைத் தன் சிடிஎஸ் முனையில் கண்டு நிற்கும். இரு பக்கமும் இந்த அமைப்பை இயக்கியிருந்தும் வரிகள் தொலைந்தன. கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து, ஒரே செருகியின் 7ஆம் (ஆர்டிஎஸ்), 8ஆம் (சிடிஎஸ்) முனைகளில் வைத்தேன்; பீப் என்று ஒலித்தது. செருகிக்குள்ளேயே இரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்திருந்தார்கள். என் மடிக்கணினி தன் சமிக்ஞையையே திரும்பக் கேட்டு, மறுபக்கம் தயாராக இருப்பதாக எண்ணி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது! ஒன்பது முனைக் கேபிளில் தரவு முனைகளான 2ம் 3ம், அவற்றோடு 7ம் 8ம் மறுபக்கத்துக்குக் குறுக்காகச் செல்ல வேண்டும். தரை இணைப்பான 5 நேராகச் செல்ல வேண்டும். வாங்கிய கேபிளை அளக்காமல் நம்பாதீர்கள்.

கம்பிக்குப் பதிலாக, ‘நிறுத்து’, ‘தொடர்’ என்பவற்றைத் தரவுக் கம்பியிலேயே குறியீடுகளாக அனுப்பும் எக்ஸான்/எக்ஸாஃப் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வெறும் எழுத்துக் கோப்புக்கு அது சரி. பைனரிக் கோப்பில் அதே குறியீடுகள் தரவாகவும் வரக்கூடும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

இவை சரியான பிறகும் கோப்பை அப்படியே கொட்டாமல் கெர்மிட் வழியாக அனுப்புங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் உருவான இந்த நெறிமுறை, ஒவ்வொரு பொதியையும் சரிபார்த்துப் பிழையானதை மீண்டும் கேட்டு வாங்கும். எக்ஸ்மோடம் என்ற மற்றொரு நெறிமுறையும் சரிபார்க்கும், ஆனால் அதன் கடைசி 128 பைட் தொகுதியில் நிரப்பப்படும் வெற்றுக் குறிகள் கோப்பின் வாலில் ஒட்டிக்கொள்வதால், எனக்குக் கெர்மிட்தான் பிடித்திருக்கிறது.

பின்சேர்க்கை: பட்டர்வொர்த் வாசகர் ஒருவர், மவுஸை அசைத்தால் மட்டும் பரிமாற்றம் நின்றுவிடுவதாக எழுதியிருந்தார். அவருடைய கேபிள் காம்1 என்ற சீரியல் போர்ட்டிலும் மவுஸ் காம்3இலும் இருந்தன. வழக்கமான அமைப்பில் இவ்விரண்டும் ஐஆர்கியூ 4 என்ற ஒரே இன்டரப்ட் தடத்தைப் பகிர்கின்றன. மவுஸை ஐஆர்கியூ 3 உள்ள காம்2க்கு மாற்றியதும் அவருக்குச் சரியாகிவிட்டது.