ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணக்கை நாமே சரிபார்ப்பது எப்படி?

எங்கள் அப்பா ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர். “சிட்டையைப் பாத்துட்டு மூட்டையை எண்ணோணும். அப்புறம் மூட்டையை எண்ணிட்டுச் சிட்டையைப் பாக்கோணும். ரெண்டும் ஒரே வேலைன்னு நெனைச்சா ஏமாந்து போவே” என்பார். இருபத்தெட்டு வருசம் அரசாங்கத் தணிக்கை வேலையில் இருந்தும் இதற்கு மேல் பெரிதாக நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது கோபிசெட்டிபாளையம் பக்கம் தென்னந்தோப்போடு சரி. போன மாதம் ஊர்ப் பையன்கள் நாலு பேர் வந்து, “நம்ம ஆஸ்பத்திரிக்கு டெல்லிப் பணம் வருதாமே, அதை நாம பாக்க முடியுமாங்க?” என்று கேட்டார்கள். முடியும். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சின்னதாக ஒன்றைப் பிடியுங்கள். பையன்கள் சொன்ன டெல்லிப் பணம் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் (NHM) வழியாக வருவது. அதில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு போடுகிறது. அந்தப் பெரிய கணக்கெல்லாம் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்த்து, அவர் அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வரும். நமக்கு வேண்டியது, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பராமரிப்புக்கும் சில்லறைச் செலவுக்கும் அந்த நிலையத்துக்கென்று உள்ள நோயாளர் நலச் சங்கத்தின் வழியாக வரும் தொகை. வருசத்துக்கு 1.75 லட்சம் வரை வரும். ஃபினாயில், குழாய் ரிப்பேர், டியூப்லைட், நோயாளிகள் உட்கார பெஞ்சு எல்லாம் இதில்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். மனுவில் ‘ஏன்’ என்ற சொல்லே வரக்கூடாது. “ஏன் பெஞ்சு வாங்கவில்லை?” என்று கேட்டால் ‘இது தகவல் வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரிப் பதில் வரும். ஒரு நிதியாண்டைக் குறிப்பிட்டு ரொக்கப் புத்தகம், செலவுச் சீட்டுகள், இருப்புப் பதிவேடு, சங்கத்தின் தீர்மானப் புத்தகம், பணம் இன்னதற்குச் செலவானது என்று மேலே அனுப்பிய பயன்பாட்டுச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். கட்டுக் கட்டாக நகல் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம் என்றால் ‘ஆவணங்களை நேரில் பார்வையிட வேண்டும்’ என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. அலுவலகம் மாறி அனுப்பிவிட்டாலும் பயப்பட வேண்டாம், உரிய இடத்துக்கு 5 நாளுக்குள் அனுப்பி வைப்பது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம்.

புத்தகம் கைக்கு வந்ததும் தொகையைக் கூட்ட உட்காராதீர்கள். கூட்டல் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். பில் எண்ணைப் பாருங்கள். ஒரு இடத்தில் ஒரே கடையின் மூன்று பில் பார்த்தேன். ஏப்ரலில் 41, ஜூலையில் 42, நவம்பரில் 43. மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை மட்டும் வியாபாரம் நடக்கிற ஹார்டுவேர் கடை ஈரோடு மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? அடுத்து, நிதியாண்டு முடிகிற மார்ச் மாதம். கடைசி வாரத்தில் பாதித் தொகை செலவாகியிருந்தால் அந்த பில்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். மருந்து பில் இருந்தால் அதையும் எடுங்கள். மாத்திரைகள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து பாஸ்புக் கணக்கில் வருபவை, அதாவது நிலையத்துக்கு ஒதுக்கிய தொகையில் கழித்துக்கொண்டு கொடுப்பவை. அப்படியிருக்க பாராசிட்டமாலைக் கடையில் வாங்கியிருந்தால், அன்றைக்குக் கிடங்கில் இருப்பு இல்லை என்பதற்குத் தாள் இருக்க வேண்டும்.

வங்கி இருப்பு பூஜ்யம் என்று காட்டினால் பதறாதீர்கள். 2021இலிருந்து மத்தியத் திட்டப் பணத்தைத் திட்டத்துக்கு ஒரு கணக்கு என்று மாநில அளவில் வைக்கத் தொடங்கினார்கள். கீழே செலவு வரம்பு மட்டும்தான் கொடுப்பார்கள்.

இனி மூட்டையை எண்ணும் வேலை. பதிவேட்டில் உள்ள பெஞ்சு, ஃபேன், பேட்டரி எங்கே என்று பார்க்க வேண்டும். அப்புறம் திரும்பி நின்று, அங்கே கண்ணில் படுகிற நாலு பொருளைக் குறித்துக்கொண்டு அவை பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று தேட வேண்டும். புற நோயாளிகள் கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில், மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

என் சொந்தத் தப்பு ஒன்று. ஒரு நிலையத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி கணக்கில் இருந்தது, சுவரோரம் இல்லை. காணோம் என்று தணிக்கைத் தடை, அதாவது பதில் சொல்லியே ஆக வேண்டிய ஆட்சேபம், எழுதிவிட்டு வந்தேன். அங்கிருந்த செவிலியர் அம்மா ஏதோ சொல்ல வந்தார், நான் காது கொடுக்கவில்லை. துணை சுகாதார நிலையத்தில் கரண்ட் நிற்காமல் போகிறது, பிரசவத்துக்கு வந்தவர்கள் இருட்டில் கிடக்கிறார்கள் என்று பேட்டரியை அங்கே கொடுத்திருந்தார்கள். கொடுத்ததற்கு ஒரு சீட்டு எழுதவில்லை, அவ்வளவுதான். அந்தத் தடையை நீக்க அந்த அம்மா ஒன்றரை வருசம் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். அதிலிருந்து ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன்னால் ‘எங்கே?’ என்று கேட்டுவிடுவேன். நீங்களும் கேளுங்கள்.

பதில் வராத கேள்விகள் மிஞ்சினால் கிராம சபைக்குக் கொண்டு போங்கள். நவம்பர் 1லும் மார்ச் 22லும்கூட இப்போது கூட்டம் உண்டு. பேச வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதி, தேதியும் பில் எண்ணும் போட்டுக் கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானம் எழுதுவது பிறகுதான். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.