ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

வேலூரில் முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்தேன். போலீசுக்கு பீட் என்று தினமும் சுற்றிவரும் பகுதி இருப்பதுபோல எங்களுக்கும் பீட் உண்டு. முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில், எந்த வீட்டு ஆயா கதவைத் திறக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்பதுகூட எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றபின், எங்கள் தெருப் பெரியவர்களையும் போலீஸ் ஸ்டேஷனையும் பழக வைக்க அலைந்தேன். முதல் வருஷம் முழுக்க வீண்.

தப்பு என்னுடையது. கையை வீசிக்கொண்டு போய், "சார், தெருவுல பாதிப் பேர் தனியா இருக்கிற வயசானவங்க, கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றேன். "கண்டிப்பா ஐயா" என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர். மூன்றாம் மாதம் மாறுதல் வந்தது. அவரோடு அந்த 'கண்டிப்பா'வும் போயிற்று.

அதனால் முதலில் நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். யார் இருக்கிறார்கள், தனியாகவா, காது கேட்குமா, பிள்ளை எந்த ஊரில், அவர் போன் நம்பர், மாற்றுச் சாவி யாரிடம், பால், வீட்டு வேலை என்று தினமும் உள்ளே வந்து போவது யார். சம்மதம் கேட்டுத்தான் எழுத வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, "என் வூட்டுக் கதை உனக்கு எதுக்குப்பா?" என்று துரத்திவிட்டார். சரி என்று வந்துவிட்டேன். நாலு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார்.

இந்த நோட்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். தனியாக இருப்பவர்கள் பட்டியல் திருடன் கைக்குக் கிடைத்தால், அவன் நோட்டம் பார்க்கும் வேலையை நாமே முடித்துக் கொடுத்த மாதிரி. ஒரு பிரதி ஸ்டேஷனில், ஒன்று தெருவில் ஒரே ஒருவரிடம்.

பிறகு ஸ்டேஷன். குடியாத்தம் சிரசுத் திருவிழா, ஆடிக் கிருத்திகை போன்ற பந்தோபஸ்து நாட்களில் போகாதீர்கள். யாருக்கும் உங்களைப் பார்க்க நேரம் இருக்காது. மனு இரண்டு பிரதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதற்கு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளிலேயே, ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் எல்லையில் உள்ள முதியோர், குறிப்பாகத் தனியாக இருப்பவர்கள் பட்டியலை வைத்திருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது, முடிந்தவரை ஒரு சமூக சேவகரோ தன்னார்வலரோ கூட வர, போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. இதைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். "அந்தப் பட்டியலை நாங்களே எழுதிட்டு வந்திருக்கோம் சார்" என்று சொல்லிப் பாருங்கள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரே நாற்காலி எடுத்துப் போடுவார். இன்ஸ்பெக்டரைவிட அந்த ரைட்டரும் பீட் கான்ஸ்டபிளும்தான் நமக்கு முக்கியம். இருவர் போன் நம்பரையும் வாங்கி, பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். அவசரத்துக்கு 112, முதியோர் உதவிக்கு 14567.

பெரியவர்கள் வாயைத் திறக்காததற்கு ஒரு காரணம் பயம். பார்த்ததைச் சொன்னால் ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள் என்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, அறுபது வயதைத் தாண்டிய ஆணையோ, எந்த வயதுப் பெண்ணையோ சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். இதைக் கான்ஸ்டபிள் வாயாலேயே சொல்ல வையுங்கள். நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

இன்னொரு காரணம் வெட்கம். கோடி வீட்டு அம்மாவிடம், நகைக்குப் பாலிஷ் போடுகிறோம் என்று இருவர் வந்தார்கள். சங்கிலியை மஞ்சள் தண்ணீர்ச் சட்டியில் போட்டு மூடி, "அரை மணி கழிச்சு எடுங்கம்மா" என்று போனார்கள். சட்டியில் மஞ்சள் தண்ணீர்தான் மிச்சம். மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் அவர்கள் எத்தனை தெரு தாண்டியிருப்பார்களோ. போனில் ஏமாந்தாலும் இதே கதைதான். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. யார் ஏமாந்தாலும் திட்டமாட்டோம் என்று தெருவே முடிவெடுக்க வேண்டும். மகன்களிடமும் சொல்லிவையுங்கள்.

'புது முகம்' என்று எடுத்ததற்கெல்லாம் போன் போடாதீர்கள். நம் ஊரில் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்குபவர்கள் ஏராளம். பாஷை குற்றமில்லை. பூட்டிய வீட்டு முன்னால் இரண்டு முறை வண்டியை மெதுவாக ஓட்டுவது, சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கதவு கதவாகத் தண்ணீர் கேட்பது, விடியற்காலை கோலம் போடும் நேரத்தில் ஹெல்மெட்டோடு வழி கேட்பது, இவற்றைத்தான் சொல்ல வேண்டும். முடிந்தால் வண்டி நம்பரோடு.

இப்போது எங்களுக்கு மூன்றாவது கான்ஸ்டபிள், சின்னப் பையன். முதல் நாள் நோட்டோடு நானே கூட நடந்தேன். ஏழாவது வீட்டில் பெல் அடித்துவிட்டு, யாரும் இல்லை என்று திரும்பப் பார்த்தார். "நில்லுங்க தம்பி, ஆயாவுக்கு முட்டிவலி. நாலு நிமிஷம் ஆகும்" என்றேன்.